வீட்டுப் பாணும் மரபின் அறமும்

விலை கொடுத்து எளிதிற் பெறக்கூடிய ஒரு பொருளை மனிதன் தானே வருந்திச் செய்ய முற்படும்போது, அச்செயல் ஓர் அறவியல் வினாவை எழுப்புகின்றது. பசி அச்செயலை முற்றாக விளக்குவதில்லை. இலாப நோக்கும் விளக்குவதில்லை. அவ்வாறாயின் அதன் பெறுமதி யாது? அப்பெறுமதி செய்யப்பட்ட பொருளிலே தங்கியுள்ளதா, செய்தவரிடத்துத் தங்கியுள்ளதா, அன்றி அதனைச் சூழ்ந்த மனித உறவுகளிலே தங்கியுள்ளதா? கைத்தொழிற் றுறைகள் பலவற்றிலும் இவ்வினா எழக்கூடியதே. எனினும் பாணைப் பொறுத்தவரை அது தனிக் கூர்மை பெறுகின்றது. உலகின் பெரும்பகுதியிற் பாண் அன்றாட உணவாக மட்டுமன்றி உயிர்வாழ்வுக்கே மறுபெயராகவும் நின்று வந்துள்ளமையே இதற்குக் காரணமாகும்.

மேலை நாடுகளின் நகரங்கள் பலவற்றில் இன்று பழைய முறைப் பாணை வீட்டிலே செய்வதில் ஈடுபாடு கொண்டோர் சிறு குழுக்களாகக் கூடுகின்றனர். இவர்களுட் பெரும்பாலார் பாண் சுடுவதைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஒருவர் வீட்டுச் சமையலறையிலோ, ஊர்ப் பொதுவிடத்திற் கட்டப்பட்ட விறகுப் போறணையைச் சுற்றியோ கூடி, மாவைக் குழைத்து, பொங்க வைத்து, சுட்டெடுத்து, ஒருவர் செய்ததை மற்றவர் வெட்டிப் பார்த்துச் சுவைத்து, குறைநிறை கூறிப் பிரிவர். 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் காரணமாக மக்கள் வீடடங்கி இருக்க நேர்ந்தபோது இவ்வீடுபாடு பன்மடங்காகியது. பல நாடுகளிற் கடைகளில் மாவும் மதுவமும் தட்டுப்பாடாகும் அளவுக்கு வீட்டிற் பாண் செய்வோர் தொகை பெருகிற்று.

பழைய முறை என இவர்கள் கருதுவது பெரும்பாலும் புளிமா கொண்டு பாணைப் பொங்க வைக்கும் முறையாகும். மாவையும் நீரையும் கலந்து வைத்து, நாள்தோறும் அதன் ஒரு பகுதியை நீக்கிப் புதிய மாவும் நீரும் சேர்த்து வரின், ஓரிரு வாரங்களிற் காட்டு மதுவங்களும் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களும் அதில் நிலைபெறுகின்றன. மதுவம் வெளியிடும் காபனீரொட்சைட்டு மாவைப் பொங்கச் செய்கின்றது. பற்றீரியாக்கள் ஆக்கும் அமிலங்கள் புளிப்பையும் மணத்தையும் தருவதோடு, பாண் விரைவிற் பூஞ்சணம் பிடியாதும் காக்கின்றன. ரை என்னுந் தானியத்தின் மாவிற்கு இவ்வமிலம் சுவையின் பொருட்டு மட்டும் வேண்டப்படுவதன்று. அம்மாவில் மிகுந்துள்ள அமிலேசு என்னும் நொதியம், சுடும்போது மாப்பொருளைச் சிதைத்துப் பாணின் உட்பகுதியைப் பசையாக்கிவிடும். அமிலமே அந்நொதியத்தை அடக்குகின்றது. வட ஐரோப்பியக் குடியானவர் இரசாயனவியல் கற்றவரல்லர். எனினும் புளிக்காத ரை மா நல்ல பாணாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். காரணம் கூறப்படாத இத்தகைய அறிவே மரபு என்னும் பெயரிற் கைகளிலே தங்கி வந்துள்ளது.

இவ்வறிவு நூலால் மட்டும் பெறப்படக்கூடியதன்று. மா போதிய அளவு பொங்கிவிட்டதா என்பதை மணிக்கூடு கூறாது. அறையின் வெப்பநிலை, மாவின் தன்மை, சேர்த்த நீரின் அளவு ஆகியவற்றுக்கேற்ப அக்காலம் மாறுபடும். விரலால் அழுத்திய குழி உடனே மீள்கின்றதா, மெல்ல மீள்கின்றதா, மீளாதே நிற்கின்றதா என்பதைத் தொட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும். தொட்டறியும் அறிவைப் பெறுவதற்கு அதனை ஏற்கெனவே உடைய ஒருவர் அருகில் இருத்தல் நலம். குழுவாகக் கூடுவதன் முதற்காரணம் இதுவேயாகும்.

இரண்டாவது காரணம் புளிமாவின் இயல்பிலேயே அமைந்துள்ளது. புளிமாவிற் பாதியைப் பிறருக்குக் கொடுத்தவர், எஞ்சியதற்கு மாவும் நீரும் சேர்த்தால் மறுநாள் முன்போலவே முழுமையும் உடையவராகின்றார். அயல் வீட்டிலிருந்து உறைமோர் பெற்றுப் பால் உறைய வைக்கும் வழக்கத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. செல்வத்தைப் பகிரும்போது கொடுப்பவரின் பங்கு குறைகின்றது. புளிமாவைப் பகிரும்போதோ அது குறையாதிருப்பதோடு இன்னோரிடத்திற் காப்பும் பெறுகின்றது. ஒருவருடைய புளிமா கெட்டுப் போயின், தாம் முன்னர் கொடுத்தவரிடமிருந்தே அதனை மீளப் பெறலாம். திருக்குறள் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரத்தை வகுத்துப் பேசும் அறம், இங்கு ஒரு சிறு பாத்திரத்துள்ளே நிகழக் காணலாம்.

மரபு யாருக்குரியது என்னும் வினாவுக்கும் புளிமா ஒருவகை விடை தருகின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரப் புளிமாவிலிருந்து இனங்காணப்பட்டு, 1971ஆம் ஆண்டில் அந்நகரின் பெயரே சூட்டப்பட்ட பற்றீரியா, ஐரோப்பிய நாடுகளின் புளிமாக்களிலும் காணப்படுகின்றது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நான்கு கண்டங்களிலிருந்து பெறப்பட்ட 500 புளிமாக்களை ஒப்பிட்டது. ஒரு புளிமாவிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தை அதன் ஊர் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை என்பது அதன் முடிபுகளுள் ஒன்றாகும். 2020ஆம் ஆண்டின் பிறிதோர் ஆய்வில், இரு கண்டங்களைச் சேர்ந்த பாண் செய்வோர் ஒரே முறையையும் ஒரே வகை மாவையும் கொண்டு புளிமா ஆக்கினர். அவர்தம் கைகளிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் புளிமாவிலுள்ளவற்றுக்கும் இடையே தொடர்பிருத்தல் அதிற் புலனாயிற்று. கை மாவை ஆக்குகின்றது. மாவும் கையை மாற்றுகின்றது. மண்ணின் தூய்மை பற்றிப் பேசுவோர் எதிர்பார்க்கும் சான்றை நுண்ணுயிரியல் வழங்கவில்லை.

அரசுகளின் நோக்கு இதனின்று வேறுபடுகின்றது. பெண்கள் சிறு குழுவாகக் கூடித் தட்டி, நிலத்திற் புதைத்த களிமண் போறணையின் சுவரில் ஒட்டிச் சுடும் லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டியின் மரபை, 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஆர்மீனியாவின் பெயராற் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2016ஆம் ஆண்டில் அதே ரொட்டி, அதனோடு உறவுடைய வேறு ரொட்டிகளுடன் சேர்த்து, அசர்பைஜான், ஈரான், கசக்ஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகளின் பெயராலும் பதியப்பட்டது. எல்லைகளைப் பட்டியல்கள் அறியும். அயலூரிலிருந்து மணமுடித்து வந்த பெண் தன் தாயிடம் கற்ற முறையிலே மாவைத் தட்டும்போது எல்லை ஏதும் நினைக்கப்படுவதில்லை.

இதுகாறும் கூறியவை வீட்டுப் பாண் குழுக்களுக்குச் சார்பானவை. இவற்றுக்கெதிராக எழக்கூடிய தடைகள் இரண்டு உள.

முதலாவது தடை, இம்முயற்சி வசதியுடையோரின் பகட்டே என்பதாகும். அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன், ஓய்வு வர்க்கம் பற்றி 1899ஆம் ஆண்டில் எழுதிய நூலில், இயந்திரப் பொருளிலும் கைவினைப் பொருள் உயர்வாக மதிக்கப்படுவதன் காரணத்தை ஆராய்ந்தார். கைவினைப் பொருள் கூடிய செலவு பிடிப்பது. அதன் சிறு குறைகளே அச்செலவுக்குச் சான்றாகிப் பெருமைக்குரிய அடையாளங்களாகிவிடுகின்றன என்பது அவர் கருத்து. ஒரு பாணுக்காக இரண்டு நாட்களைச் செலவிடக்கூடியவர், இரண்டு நாட்கள் தம் வசமுள்ளமையையே பிறருக்குக் காட்டுகின்றார் எனலாம். இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பகட்டு எச்செயலையும் தொற்றக்கூடிய நோயாகும். வழிபாடும் கல்வியும் கூடப் பகட்டுக்கு ஆளாவதுண்டு. அதனால் அவை தம்மளவிற் பயனற்றவை என்பது பெறப்படாது.

இரண்டாவது தடை இதனினும் ஆழமானது. இன்று விருப்பத்தாற் செய்யப்படும் இவ்வேலை, வரலாற்றின் நெடும்பகுதியிற் கட்டாயத்தாற் செய்யப்பட்டதாகும். யோர்தானின் வடகிழக்கிற் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட கருகிய ரொட்டித் துண்டுகள், பயிர்ச்செய்கை தோன்றுவதற்கு முன்னரே மனிதர் காட்டுத் தானியங்களை இடித்து ரொட்டி சுட்டனர் என்பதைக் காட்டுகின்றன. அவற்றைச் சுட்ட கைகளைப் பற்றி ஏதும் அறியமுடியாது. ஆயின் கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை மூடிய நகரங்களின் பாணைப் பற்றி அறியமுடிகின்றது. எர்க்குலேனியம் நகரிற் கருகிய நிலையிற் கிடைத்த பாண் ஒன்றில், குவின்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பானின் அடிமையாகிய கெலெர் என்பவனின் முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. பொம்பெயி நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 2023ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட பாண் கூடமொன்றில், அடிமைகளும் கழுதைகளும் அடைத்து வைக்கப்பட்டுத் தானியம் அரைத்தமைக்குச் சான்றுகள் உள்ளன. அதன் சிறு சாளரங்களில் இரும்புக் கம்பிகள் இடப்பட்டிருந்தன. பொம்பெயிப் பாணைப் பார்த்து அதன் எட்டுப் பிரிவுகளையும் அவ்வாறே கீறிச் சுட்டு மகிழும் இன்றைய ஆர்வலர், தம் கைக்கு வந்த வடிவம் எக்கைகளினூடாக வந்தது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

ஊர்ப் பொதுப் போறணையும் அத்தகையதே. இன்று கூட்டுவாழ்வின் சின்னமாகப் போற்றப்படும் அது, நிலமானியக் காலப் பிரான்சிற் பல ஊர்களிற் பிரபுவின் உடைமையாக இருந்தது. குடிகள் அதிலேயே தம் பாணைச் சுடவும், அதற்குக் கட்டணஞ் செலுத்தவும் கடமைப்பட்டிருந்தனர். 1789 ஓகஸ்ற் 4ஆம் நாள் இரவு நிலமானிய உரிமைகளுக்கெதிராக எடுக்கப்பட்ட தீர்மானங்களுடன் ஆட்டங்கண்ட இவ்வழக்கம், 1793ஆம் ஆண்டில் நட்டஈடின்றி முற்றாக ஒழிந்தது. கைத்தொழிற் புரட்சிக்குப் பின்னரும் நிலைமை உடனே சீர்பெறவில்லை. இலண்டன் பாண் தொழிலாளர் இரவு பதினொரு மணியளவில் மாக்குழைக்கத் தொடங்கி, மறுநாளும் நெடுநேரம் உழைத்தமையைக் கார்ல் மார்க்ஸ் தமது மூலதனம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இரவு ஒன்பது மணி முதல் காலை ஐந்து மணி வரை பாண் கூடங்களில் வேலை செய்வதைத் தடுக்க 1863இல் ஒரு சட்டமே வேண்டியிருந்தது. பாண் கூடங்களில் இரவு வேலையைத் தடைசெய்யும் சாசனமொன்றைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1925ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாற்றை மனங்கொண்டு நோக்குமிடத்து, இயந்திரப் பாணை இழிவாகப் பேசுதல் எளிதன்று. இங்கிலாந்தின் சோளிவூட் என்னுமிடத்திலமைந்த ஆய்வுநிலையத்தில் 1961ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட முறை, நெடுநேரப் புளிப்புக்குப் பதிலாகச் சில நிமிட விரைவான இயந்திரக் குழைப்பைப் பயன்படுத்தியது. மாவிலிருந்து பொதியிட்ட பாண் வரையிலான வேலை முழுவதும் சில மணி நேரத்துள் முடிந்தது. உள்நாட்டின் புரதங்குறைந்த கோதுமையும் பயன்பட்டது, பாண் மலிந்தது. இழப்பும் நேர்ந்தது. சுவையும் மணமும் குன்றின. ஊர்கள் தோறுமிருந்த சிறு பாண் கூடங்கள் பெருந்தொழிலகங்களோடு போட்டியிட முடியாது மறைந்தன. கையறிவு பெறுவாரின்றி அருகிற்று. பிரான்சு இவ்விழப்பை உணர்ந்து, குளிரூட்டி உறைய வைக்காமலும் சேர்மானப் பொருட்கள் இடாமலும் செய்யப்படும் பாணுக்கே மரபுவழிப் பிரெஞ்சுப் பாண் என்னும் பெயர் உரியதென 1993ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. ஆயினும் சட்டம் பெயரைக் காக்கக்கூடியதே அன்றி, நள்ளிரவில் எழுந்து குழைப்பவரின் தூக்கத்தைக் காக்கக்கூடியதன்று.

விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு ஒரே வீட்டினுள்ளும் நிலவக்கூடும் என்பதற்குக் காந்தியடிகளின் தன்வரலாற்றிலே ஓர் அரிய சான்று உண்டு. ஜோகன்னஸ்பேர்க்கில் வாழ்ந்த காலத்தில் அவர் கடைப் பாணை விடுத்து, தவிடு நீக்காத மாவிற் புளிக்காத பாணை வீட்டிலேயே செய்விக்கத் தொடங்கினார். ஆலையில் அரைத்த மா அதற்குப் பொருந்தாதெனக் கருதி, ஏழு பவுண் விலையில் ஒரு கை ஆலை வாங்கப்பட்டது. அதன் இரும்புச் சக்கரம் ஒருவர் சுழற்றுவதற்குப் பாரமானது, இருவருக்கு எளிது. காந்தியும், நண்பர் போலக்கும், சிறுவர்களும் அதனைச் சுழற்றினர். சிறுவர்களுக்கு அது நல்ல உடற்பயிற்சியாயிற்று என அவர் மகிழ்கின்றார். கஸ்தூரிபாவும் இடையிடையே கைகொடுத்தார். ஆயின் அரைக்கும் அவ்வேளையே வழக்கமாக அவர் சமையலறை வேலையைத் தொடங்கும் வேளையாகவும் இருந்தது என்பதையும் காந்தி மறையாது குறிக்கின்றார்.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. உடலுழைப்பால் உணவு பெறுதல் வேண்டும் என்னுங் கொள்கையை ஏற்றவர்கள் ஓர் அறையில் மகிழ்வுடன் சக்கரஞ் சுழற்றுகின்றனர். அவ்வேளையில் அடுத்த அறையில், கொள்கை எதனாலும் பெயர் சூட்டப்படாத உழைப்பு தொடங்குகின்றது. இரண்டும் உணவுக்கான உழைப்பே. ஒன்று தெரிவுசெய்யப்பட்டது, ஆகவே அறமாக விளங்கிற்று. மற்றது கடமையென எதிர்பார்க்கப்பட்டது. ஆகவே கண்ணிற் படாதொழிந்தது. காந்தியின் நேர்மை, அடுத்த அறையையும் தம் எழுத்தினுள் வரவிட்டமையிலே காணப்படுகின்றது.

மெய்யியலறிஞர் அலஸ்டெயர் மக்கின்ரயர் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒரு செயன்முறையின் அகநலன்களையும் புறநலன்களையும் வேறுபடுத்தினார். பணமும் புகழும் வேறு வழிகளாலும் பெறத்தக்க புறநலன்கள். அகநலன்களோ அச்செயன்முறையில் ஈடுபடுவதனால் மட்டுமே கிட்டுபவை; ஒருவர் அவற்றை அடைதல் அச்செயன்முறையைச் சார்ந்த எல்லோருக்கும் நலமாகின்றது. இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்கின், மாவின் நிலையை விரலால் அறியுந் திறன், தவறிய பாணைக் கண்டு காரணம் தேரும் பொறுமை, தன்னினும் தேர்ந்தவரின் தீர்ப்பை ஏற்கும் அடக்கம் ஆகியவை பாண் செய்தலின் அகநலன்கள் எனலாம். கடைப் பாண் எவ்வளவு சுவையாக இருப்பினும் இவற்றைத் தரமாட்டாது. வெப்லனுடைய தடைக்கு இது போதிய விடையாகும்.

இரண்டாவது தடைக்கு அது போதியதன்று. கெலெர் என்னும் அடிமையும் மாவின் நிலையை விரலால் அறிந்திருப்பான். இலண்டன் தொழிலாளியும் அறிந்திருப்பான். திறன் அவர்களிடம் இருந்தது. அத்திறனை மறுத்து வேறொன்றைத் தெரியும் உரிமை இருக்கவில்லை. ஆகவே திறனோடு சுதந்திரமும் சேருமிடத்தே அகநலன் முழுமை பெறுகின்றது எனக் கொள்ளல் வேண்டும். இன்றைய ஆர்வலருக்கு அச்சுதந்திரம் எங்கிருந்து வந்தது? கடையில் மலிவான பாண் இருப்பதனாலேயே வந்தது. தம் பாண் தவறினும் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. தாம் குறைகூறும் இயந்திரமே தமக்கு விளையாடும் உரிமையை வழங்கியுள்ளது என்பதை ஏற்காத ஆர்வலர், தம் செயலின் அடிப்படையையே அறியாதவராவர்.

இவ்வுண்மை ஈழத்து வாசகருக்கு அயலானதன்று. பாண் என்னுஞ் சொல்லே போர்த்துக்கேய மொழிவழி இங்கு வந்தது; கோதுமையோ இறக்குமதியாகும் தானியம். எனினும் அப்ப மாவைக் கள் விட்டுப் புளிக்க வைக்கும் வழக்கத்தால், காட்டு மதுவத்தின் தொழிலை இந்நாட்டுச் சமையலறைகள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு அருகிப் பாண் விலை உயர்ந்தபோது, நகரத்துக் குடும்பங்கள் பலவும் விறகடுப்புக்குத் திரும்பின. வெளித்தோற்றத்தில் அதுவும் பழைய முறைக்கு மீளுதலே. 2020இல் வேறு நாடுகளில் விருப்பத்தோடு மாவைக் குழைத்தோர் செய்ததற்கும் இதற்கும் தொழில்முறையிற் பெரு வேறுபாடில்லை. ஆயினும் புகையிற் கண் எரிய அடுப்பூதிய தாயொருத்தியிடம் மரபு மீண்டுவிட்டதெனக் கூறுவது அறிவீனம் மட்டுமன்று, அறக்கேடுமாகும். வேறு வழியற்ற நிலைக்கு மரபு என்னும் பெயரைச் சூட்டுதல், அந்நிலைக்குப் பொறுப்பானவர்களை மறைத்துவிடுகின்றது.

எனவே, ஒரு பழைய உணவுமுறையைப் பேணுதல் நன்றா என்னும் வினாவுக்கு, அதன் பழைமையைக் கொண்டு விடை கூறுதல் இயலாது. பழைமையிற் கூடிவாழ்தலும் இருந்தது. இரும்புக் கம்பியிட்ட சாளரமும் இருந்தது. புளிமாவைப் பேணுவோர் அதன் ஒரு பகுதியை நாள்தோறும் நீக்கியே எஞ்சியதை உயிருடன் வைத்திருக்கின்றனர். நீக்காது வைத்த புளிமா தன் புளிப்பாலேயே கெடும். மரபைப் பேணுவோரும் எதனை வைத்துக்கொள்வது, எதனை நீக்குவது எனத் தேர்ந்தாக வேண்டியவராவர். கையறிவும் அதனைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் வழக்கமும் வைத்துக்கொள்ளற்குரியன. அவ்வறிவை ஒரு சாராரின் தலையிற் சுமத்திய கட்டாயம் நீக்கற்குரியது.

இத்தேர்வு நிகழ்ந்துள்ளதா என்பதை அறிவதற்குப் பெருங் கோட்பாடுகள் வேண்டியதில்லை. பாண் குழுவொன்று கூடிக் கலைந்த பின்னர், மா ஒட்டிய பாத்திரங்களையும் மேசையையும் கழுவுவது யார் என்று பார்த்தல் போதும். குழைத்தவர்களே கழுவுவராயின், அங்கு ஒரு மரபு தன் பழைய குறையொன்றை நீக்கிக்கொண்டு வாழ்கின்றது. அவர்கள் பாணைப் புகழ்ந்து கொண்டிருக்க வேறொருவர் கழுவுவராயின், பாண் எவ்வளவு நன்றாகப் பொங்கியிருப்பினும் அடுத்த அறையின் கதவு இன்னும் மூடியே இருக்கின்றது.